பழைய ஓட்டு வீடும் கொல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. முன்பக்கம் திண்ணை, ரேழி என்கிற நடை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும், எல்லாம் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. பின்கட்டு மட்டும் மரக்கட்டை அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. நான் இன்ஜினியர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன். கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் கேட்டுக் கேட்டும், கையைச் சுட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். பழைய வீட்டை வைத்துக்கொண்டு முழிக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பூட்டிக் கிடந்த வீட்டைச் சரிசெய்யப் போகிறோம். முதலில் கூரையா, தரையா, பெயிண்டா?

எதுவும் வேண்டாம். ஐப்பசி மழை வரட்டும். நன்றாக அடித்துப் பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த ஓட்டுக்கடியில் சொட்டுகிறது, தாழ்வாரத் தண்ணீர் எங்கே விழுகிறது, முற்றத்துத் தூம்பு (தண்ணீர் வெளியேறும் துளை) வழியாகப் போகிறதா அல்லது தேங்கி நிற்கிறதா, தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது சுவர் ஓரத்திலேயே விழுந்து ஊறினால் நீங்கள் உள்ளே அடிக்கும் பெயிண்டுக்கு அற்ப ஆயுசுதான்.

இன்னொன்று. தெருவைப் பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, போட்டு, பல ஊர்களில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. எங்கள் திண்ணைக்கு மூன்று படி ஏறியதாக அப்பா சொல்வார். இப்போது ஒன்றுதான் மிச்சம்.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) அடிக்கிறது, உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

நான் செய்த பெரிய தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிமென்ட் வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகளில் செங்கல்லை ஒட்டவைத்ததும் மேலே பூசியதும் சுண்ணாம்புக் காரைதான். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஓதத்தைத் தடுக்க எந்தத் தடுப்பும் கிடையாது. தரை ஈரத்தைச் சுவர் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரம், கோடையில் காய்ச்சல் என்று வருடா வருடம் நடக்கிற கணக்கு அது. அந்தச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லை. உள்ளேயே மேலே ஏறும். கூடவே கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, படிகமாகி, செங்கல்லையே மாவாக்கிவிடும்.

எங்கள் வடக்குச் சுவரில் சிமென்ட் பூசி, ஓதம் தடுக்கும் பெயிண்டும் அடித்தேன். முதல் வருடம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்குப் பிறகு தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம். மூன்றாம் வருடம் பாளம் பாளமாக விழுந்தது, செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு. மூன்று அடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு ஏறியிருந்தது. உண்மையான காரணம் வெளியே இருந்தது. சந்தில் யாரோ எப்போதோ போட்ட சிமென்ட் தளம் சுவரை நோக்கிச் சரிந்திருந்தது, குளியலறைத் தண்ணீர்க் குழாயும் அங்கேயே விட்டிருந்தது. தளத்தை உடைத்து, சுவர் ஓரம் ஒன்றரை அடி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, ஜல்லி போட்டு, குழாயைத் திருப்பிவிட்டோம். பிறகு சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுக்க வெறும் செங்கல்லாகவே காயப் போட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வந்தவர்களெல்லாம் "என்ன, பணம் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு பூசினோம். நான்கு மழை பார்த்துவிட்டது. அடியில் அரை அடிக்கு லேசாக நிறம் மாறும், பங்குனியில் சரியாகிவிடும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு இப்போது ஆள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள், தேடவேண்டும். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்துப் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் வேலை செய்தவர்களும் உண்டு. கலவைக் கணக்கு ஒவ்வொரு கொத்தனாருக்கும் ஒவ்வொன்று. பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், சிலர் செங்கல் தூள் சேர்ப்பார்கள். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் கலப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு செட்டிநாட்டில் கடைசிப் பூச்சின் மெருகுக்குச் சேர்த்தது. சாதாரண அறைக்கு அது தேவையில்லை.

சிறு ஒட்டு வேலைகளை நாமே செய்யலாம். இரண்டு விஷயம் மனதில் இருக்கவேண்டும். காய்ந்த சுவரில் பூசினால் சுவர் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு பொடியாக உதிரும். அதனால் முந்தின நாளே நனைக்கவேண்டும். அப்புறம், சிமென்ட் மாதிரி மறுநாளே கெட்டியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் திரும்பக் கல்லாகிறது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மழையிலும் வேண்டாம், கத்திரி வெயிலிலும் வேண்டாம். தை, மாசி நல்ல காலம்.

பொங்கலுக்கு நாமே வெள்ளையடிக்கலாமா?

தாராளமாக. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினால் வெண்மை நன்றாக இருக்கும். நீற்றாத (இன்னும் தண்ணீர் விடாத) சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், இளகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து மூன்று கை மெல்லியதாக அடிக்கவேண்டும். அடிக்கும்போது கண்ணாடி மாதிரித் தெரியும், "ஒன்றுமே ஒட்டவில்லையே" என்று பயந்து கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக எழும்பும். காய்ந்த பிறகுதான் வெள்ளை தெரியும். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்போடு ஒத்துப்போகும்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. சுரண்டி எடுத்த பிறகுதான்.

ஓடு எப்போது மாற்றுவது?

பங்குனி, சித்திரையில். ஆடிக் காற்றில் கூரையைப் பிரிப்பது முட்டாள்தனம். ஓடு உடைவது பாதிக்குப் பாதி குரங்கு, பூனை, தேங்காய் மட்டையால்தான். சீமை ஓடு பழையதே நல்லது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் ஆட்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த பிறகு மேற்குக் கரையில் நிறையப் பேர் அதே மாதிரி செய்தார்கள். ஒவ்வொரு அச்சிலும் பள்ளமும் நாக்கும் கொஞ்சம் வித்தியாசப்படும். அதனால் புதிதாக வாங்கும்போது கையில் ஒரு பழைய ஓட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இடிக்கிற வீடுகளில் கிடைத்தால் நூறு, இருநூறு வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஓட்டைத் தூக்கும்போதே ரீப்பரையும் (ஓடு உட்காரும் சட்டம்) அதைத் தாங்கும் கைமரத்தையும் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கக் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை நீங்களே அறுக்கவோ துளைபோடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கூடம் பகலிலேயே இருட்டாக இருக்கிறது. ஜன்னல் வைக்க உடைக்கலாமா?

சுவரை உடைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் மேலே இருக்கிற உத்தரத்தைத் தாங்குகிறது. சீமை ஓட்டு அளவிலேயே கண்ணாடி ஓடு விற்கிறது. இரண்டே இரண்டு ஓட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டுங்கள், கூடம் வேறு வீடாகிவிடும். வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் அவ்வளவாக உள்ளே விழாது. உட்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பழைய வீட்டுக்கு 'அலங்காரம்' என்று நான் செலவு செய்ததில் காசுக்கு மேல் பலன் தந்தது இந்தக் கண்ணாடி ஓடுதான்.

முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிடலாமா? குரங்குத் தொல்லை தாங்கவில்லை.

குரங்குக்குக் கம்பி வலை போதும். முழுக்க மூடினால் சூடான காற்று மேலே போக வழியில்லாமல் வீடே அடுப்பாகும். சாரல் வேண்டவே வேண்டாம் என்றால், சுற்றியுள்ள ஓட்டை விட ஒன்றரை இரண்டடி உயரத்தில் ஷீட்டை நிறுத்தி நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். முற்றத்துத் தூம்பை மட்டும் வருடம் ஒரு முறையாவது குத்திச் சுத்தம் செய்யவேண்டும். தாழ்வாரத்துத் தண்ணீரை அப்படியே குழாய் வழியாக ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விடலாம். 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பேருக்கு ஒரு குழாய் வைத்த வீடுகள்தான் அதிகம். நாங்களும் அந்தக் கட்சிதான். போன மூன்று வருடமாகத்தான் ஒழுங்காக விடுகிறோம். முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வரும், அதைக் கிணற்றில் விடாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் மேல் மாடித் தோட்டம் போடலாமா?

கூடாது. இந்தத் தளத்தில் இரும்புக் கம்பி கிடையாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே அச்சுக்கல் என்கிற சிறிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கட்டையால் நாள் கணக்கில் தட்டி, அதன்மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்தது. மண் நிரம்பி நனைந்த 20 லிட்டர் தொட்டி ஒன்றே 30 கிலோவுக்குக் குறையாது. இருபது தொட்டி வைத்தால் அறுநூறு கிலோ, அதுவும் இரவும் பகலும் நகராமல் உட்கார்ந்திருக்கும் எடை. எடையை விட மோசம் ஈரம். தொட்டிக்கடியில் எப்போதும் கசிகிற தண்ணீர் தட்டோட்டுச் சந்து வழியாக இறங்கிக் கட்டையின் முனையை உளுத்துப்போக வைக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் போகும், கண்ணுக்கும் தெரியாது. கீழேயிருந்து பார்த்து, கட்டை தொய்ந்திருந்தாலோ பொடி கொட்டினாலோ ஆசாரியைக் கூப்பிடுங்கள். கொல்லை இருக்கும்போது எதற்கு மாடித் தோட்டம்?

சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது.

பறவை போட்ட விதை. வெட்டினால் வேர் பருக்கும், அவ்வளவுதான் நடக்கும். விரல் நீளம் இருக்கும்போதே, நல்ல மழைக்கு மறுநாள், வேரோடு பிடுங்கினால் வந்துவிடும். அரசு, ஆல், அத்தி மூன்றுக்கும் இதே கதை. வேர் விரல் பருமன் ஆகிவிட்டால் கொத்தனாரை வைத்து அந்த இடத்துக் கல்லை நாலைந்து எடுத்து, வேரை முழுக்க உருவி, திரும்பச் சுண்ணாம்பில் கட்டவேண்டும். பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வைத்தேன். பெருங்காயம்தான் வீணாயிற்று.

சிவப்புத் தரை மங்கி, வெடிப்பும் விட்டிருக்கிறது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

ஒட்டலாம், பிறகு வருத்தப்படுவீர்கள். ரெட் ஆக்சைடு (சிமென்டில் சிவப்புப் பொடி கலந்த) தரையில் ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது, சிமென்டை அரித்துவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை. ஆத்தங்குடி கல்லுக்கும் இதே பக்குவம்தான். அதுவும் சூளையில் சுட்டதில்லை, கண்ணாடிப் பலகைமேல் சிமென்டும் வண்ணமும் ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. வெடிப்பை அடைக்கலாம், ஆனால் புதுச் சிவப்பு பழைய சிவப்போடு சேரவே சேராது. எங்கள் கூடத்தில் நதி வரைபடம் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தூணிலும் கதவிலும் பட்டை பட்டையாக எனாமல் பெயிண்ட். தேய்த்து எடுத்துத் தேக்கைக் காட்ட ஆசை.

நல்ல ஆசை. ஆனால் உலர்ந்த நிலையில் சாண்டர் மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், அதுவும் பழைய பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். மாஸ்க் போடுங்கள், சுரண்டிய தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் எடுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். பிறகு ஆளி விதை எண்ணெய் இரண்டு கை மெல்லியதாக. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு.

எங்கள் ஆறு தூணுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது தூணிலேயே சலித்துவிடும். அங்கே நிறுத்தாதீர்கள்.

கரையான்?

தூண் ஏன் கல் பாதத்தின்மேல் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? மரம் மண்ணைத் தொடக்கூடாது என்பதற்குத்தான். பின்னால் வந்தவர்கள் தரையை உயர்த்தி அந்தக் கல்லைப் புதைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சுவரில் மண் குழாய் தெரிந்தால் கலைப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது, புற்று நிலத்துக்குள் இருக்கிறது. நிலத்தில் மருந்து இறக்கும் ஆளைத்தான் கூப்பிடவேண்டும். கிணறு பக்கத்தில் இருக்கிறது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒயரிங் பழசு. சுவிட்ச் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது, இது நாமே செய்கிற வேலையும் இல்லை. மரப்பட்டிமேல் ஓடும் பழைய ஒயரில் பெரும்பாலும் எர்த் கிடையாது. பழைய பலகைகளில் நியூட்ரலுக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அது போனால் விளக்கு அணையும், லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழி, எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே அணைப்பது) மூன்றையும் போடுங்கள். ஈரச் சுவர் வீட்டில் இது உயிர் விஷயம். ஏ.சி.க்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். சுவரை வெட்டாமல் மேலேயே குழாய் ஓட்டச் சொல்லுங்கள், சுண்ணாம்புச் சுவரில் ஒரு கோடு வெட்டப்போய் ஒரு பாளமே விழும்.

கொல்லையில் எது வைத்தாலும் இலை மஞ்சளாகிறது.

நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சளாக இருக்கிறதா? கொல்லையில் எத்தனை தலைமுறைக் காரையும் சுண்ணாம்பும் கொட்டியிருக்கிறார்கள் என்று தோண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூச் செடிதான் இதை முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டடி ஆழம் தோண்டி இடிபாட்டை அள்ளிவிட்டு, நல்ல மண்ணும் மக்கிய எருவும் போட்டு வையுங்கள். முழுக்க அள்ள முடியாத இடத்தில் மாதுளை வைத்துப் பாருங்கள், சுண்ணாம்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காய்கறி விதைக்கு ஆடிப்பட்டம்தான், அதில் மாற்றமில்லை.

சுவரை ஒட்டிப் பாத்தி வேண்டாம், குறைந்தது மூன்றடி விடுங்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் மணி பிளாண்ட் வகைகளும் வேண்டாம். ஆசைப்பட்டால் சுவரிலிருந்து தள்ளி ஒரு பந்தல்.

முருங்கை எங்கே வைப்பது?

ஓட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி. ஒரு போத்தை வெட்டி நட்டால் வந்துவிடும், கிளை சீக்கிரம் முறியும், முறிந்தால் ஓட்டின்மேல்தான் விழும். வருடம் ஒரு முறை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் காயும் கைக்கு எட்டும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக்கொள்ளும். வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதற்கு அதுவே போதிய காரணம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கல்வாழையும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும், சாயங்காலம் அடிக்கவேண்டும், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. சீவிவிடலாமா?

பங்குனி வரை பொறுங்கள். மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது, காய்ந்தால் தானாகவே சுருங்கும். அதுவரை இடிக்கிற ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓரளவு நகரும். நான் பொறுக்காமல் ஒரு ஐப்பசியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கால் அங்குலம் சீவினேன். சித்திரையில் அந்தச் சந்து வழியாகப் பல்லி குடும்பத்தோடு வந்து போகிறது.